தூங்குவட்டு இயல்

அஞ்சலில் வரும் வாடகை டிவிடி இருவகைப்படும்: ஓடுவட்டு, தூங்குவட்டு. வந்த இரவே பார்க்கப்பட்டு மறுநாள் தபால்பெட்டி சேர்வது ஓடுவட்டு. சிவப்பு உறை பிரியாமல் டிவி மேசையில் கிடந்து, நாளடைவில் மின்கட்டண ரசீதையும் தன்மேல் தாங்குவது தூங்குவட்டு. முன்னதில் ஆராய ஒன்றுமில்லை.

தூங்குவட்டின் காலம் 1999இல் தொடங்குகிறது. 1998 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் அஞ்சல்வழி டிவிடிக் கடைதிறந்த நெட்ஃப்ளிக்ஸ், முதலில் படத்துக்கு இவ்வளவு என்றுதான் வாடகை வாங்கியது. மறுவருடம் மாதச் சந்தா வந்தது. தாமத அபராதம் ஒழிந்தது. ‘அப்போலோ 13’ படத்துக்கு 40 டாலர் அபராதம் கட்டிய ரீட் ஹேஸ்டிங்ஸின் எரிச்சலில் பிறந்த நிறுவனம் என்பது தலபுராணம். அதை அப்படியே நம்ப வேண்டாம் என்று உடன் தொடங்கிய மார்க் ராண்டால்ஃபே சொல்லிவிட்டார். எப்படியாயினும், அபராதம் போனதும் கெடு போயிற்று. கெடு போனதும் வட்டுக்குத் தூக்கம் வந்தது.

தூங்கக் காரணம் என்னை? மறதி எனின், அன்று. நாள்தோறும் கண்ணெதிரே கிடப்பதை மறப்பது எங்ஙனம்? சோம்பல் எனின், அதுவும் அன்று. அதே ஆள் அதே வாரம் ஓர் அடிதடிப் படத்தைச் சுடச்சுடப் பார்த்துத் திருப்பியிருப்பார். மெய்க்காரணம், அடுத்து அனுப்ப வேண்டியவற்றின் இணைய வரிசையில் படத்தைச் சேர்த்தவர் வேறு, உறையை வாங்கியவர் வேறு என்பதே. ஞாயிறு மதியம் கணினிமுன் அமர்ந்து ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ சேர்த்தவர் பண்பட்ட மனிதர். செவ்வாய் இரவு வேலைவிட்டு வந்து 195 நிமிடக் கறுப்புவெள்ளைத் துயரத்தின்முன் நிற்பவர் பசித்திருக்கும் இன்னொருவர். இருவருக்கும் முகவரி ஒன்றாக இருப்பதால் தபால்காரர் ஏமாந்துபோகிறார்.

இது நம் கற்பனை எனின், அன்று. ஆஸ்திரேலிய அஞ்சல்வழி வாடகை நிறுவனம் ஒன்றின் கணக்கைப் புரட்டிய ஹார்வர்டு ஆய்வாளர் மூவர் 2009இல் வெளியிட்ட முடிவும் இதுவே: பார்க்க வேண்டிய படங்கள், பார்க்க விரும்பும் படங்களைவிட அதிக நாள் வீட்டில் தங்குகின்றன. நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் அவர்களிடம் அட்டவணை இருந்தது.

அற்றேல், நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்துக்கு நட்டமன்றோ எனின், அற்றன்று. சந்தா எப்படியும் வரும். போகவர இருவழித் தபால் செலவு நிறுவனத்தின் தலையில். ஆகவே தூங்கும் ஒவ்வொரு வட்டும் லாபம். வேகமாகப் பார்ப்பவரே தொல்லை. அத்தொல்லையாளருக்கு வட்டு மெதுவாகப் போனது. ‘வரம்பில்லை’ என்று விளம்பரம் செய்துவிட்டு இதென்ன என்று 2004இல் சான்பிரான்சிஸ்கோவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. குறைவாக வாங்குவோருக்கே முன்னுரிமை என்று விதிகளிலும் எழுதிவைத்தது. சினிமாவை உண்மையில் நேசித்தவர் கடைசியில் நிற்க, நேசிப்பதாக நினைத்துக்கொண்டவர் முதலில் நின்றார். எழுதிவைத்த நேர்மையையேனும் பாராட்ட வேண்டும்.

அஞ்சல் சேவையை மூடிய நெட்ஃப்ளிக்ஸிடமிருந்து 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி உறை கிளம்பியது. விடைபெறும் பரிசாகச் சிலருக்குக் கூடுதலாக 10 வட்டுகள்வரை வந்துசேர்ந்தன. கையிலிருப்பதைத் திருப்ப வேண்டாம் என்றும் நிறுவனம் சொல்லிவிட்டது. திருப்பும் கடமை இருந்தபோதே பிரிக்காதவர், அது நீங்கியபின் பிரித்திருப்பாரோ எனின், வினா தக்கதே. பிரித்தவர் யாரும் இதுவரை நமக்குத் தட்டுப்படவில்லை.