கூடவே சுற்றிய மகராசி

சிங்கப்பூரை நிறுவியவர் என்று ஆற்றங்கரையில் கைகட்டிச் சிலையாக நிற்கும் ராஃபிள்ஸ், முதல் தடவை இங்கே தங்கியது பத்து நாள்கூட இல்லை. 1819 ஜனவரி கடைசியில் வந்தார், பிப்ரவரி 6இல் கையெழுத்துப் போட்டார், மறுநாள் கப்பலேறிவிட்டார். முஸ்தஃபாவில் சாமான் வாங்க வருகிறவர்கள்கூட இதைவிட நிதானமாக ஊர் பார்ப்பார்கள். மூன்று வருகையையும் கூட்டினாலும் ஓராண்டு தேறாது.

காலில் சக்கரம் கட்டிய மனிதர். இரண்டாந்தாரமாக வாய்த்த சோபியா ஹல் அதற்குச் சற்றும் சளைத்தவரல்லர். 1817 பிப்ரவரியில் லண்டனில் கல்யாணம். அதே வருஷம் சுமத்ராவின் பென்கூலனுக்குப் பயணம் (நம் பென்கூலன் ஸ்திரீட்டுக்குப் பெயர் கொடுத்த ஊர்தான்). கப்பலின் பெயர் ‘லேடி ராஃபிள்ஸ்’. மனைவியைப் பெருமைப்படுத்தியாகிவிட்டது என்று துரை நினைத்திருக்கலாம். அந்த லேடிக்கு முதல் பிரசவம் நடுக்கடலில் அந்தக் கப்பலிலேயே நடந்தது.

பிள்ளை பெற்ற உடம்பு ஆறுவதற்குள் 1818 மே மாதம் துரை காட்டுக்குக் கிளம்ப, அம்மாவும் கிளம்பிவிட்டார். நம் பாட்டிமார் பார்த்திருந்தால் பூண்டுக் குழம்புச் சட்டியோடு துரத்திப் போயிருப்பார்கள். யானைக் காடு, ஓயாத மழை, செருப்பை ரத்தத்தால் நிரப்பும் அட்டை. மன்னா ஆற்றங்கரையில் வேலைக்காரர் ஒருவர் ஓடி வந்து, புதரில் ஓர் அதிசயம் இருப்பதாகச் சொன்னார். மூன்றடி அகலம், ஏழு கிலோ எடை, அழுகிய இறைச்சி நாற்றம்: உலகத்தின் மிகப் பெரிய பூ.

கூட வந்த டாக்டர் ஜோசப் அர்னால்ட் அதைப் படமாக வரையத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. படத்தை முடித்தவர் சோபியா. பூவுக்கு வைத்த பெயர் ‘ராஃப்ளீசியா அர்னால்டி’. முன்பாதி கணவருக்கு, பின்பாதி டாக்டருக்கு, வரைந்து முடித்தவருக்கு நாற்றம். முதலில் கண்ட வேலைக்காரருக்கு அதைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் பெயரே யாருக்கும் தெரியாது.

அதோடு விட்டார்களா? ஜூலையில் பாடாங்கிலிருந்து மலையேறி மினாங்கபாவ் ராஜ்ஜியத்தைப் பார்க்கப் போனார்கள். வீட்டிலாவது அமைதி உண்டா என்றால், அங்கே ஒரு கரடி வளர்ந்தது. குழந்தைகளோடு விளையாடும், துரையின் மேசையில் மங்குஸ்தான் தின்னும், ஷாம்பெயினும் குடிக்கும்.

இப்படி ஒட்டிக்கொண்டே சுற்றிய சோபியா, 1819 ஜனவரியில் வயிற்றுப்பிள்ளையோடு பினாங்கில் தங்கிவிட்டார். அவர் வராமல் போன அந்தப் பயணந்தான் பாடப்புத்தகத்தில் ஏறியது. அட்டைக்கடிக்கெல்லாம் சரித்திரத்தில் மதிப்பில்லை.

அதே வருஷம் மே மாதம் ராஃபிள்ஸின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைதான் என் கணக்கில் விவரமானவர். இறங்கினார், செங்கல் சூளை போட்டார், ஊரிலேயே தங்கிவிட்டார். 1827இல் மாரியம்மனுக்குக் கோயிலும் எழுப்பினார்.

இனி வருவதில் கிண்டலுக்கு இடமில்லை. 1821 ஜூலைக்கும் 1822 ஜனவரிக்கும் இடையில் பென்கூலனில் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். மிஞ்சிய ‘எல்லா’ என்ற மகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, அந்த அக்டோபரில் சிங்கப்பூருக்கு வந்தார்கள்.

மலாய்க்காரர்கள் ஏறவே பயப்பட்ட புக்கிட் லாராங்கன் மேல், பழைய ராஜாக்களின் சமாதிப் பக்கத்தில், பலகையும் அத்தாப்பும் போட்டு வீடு கட்டினார்கள். இன்றைய ஃபோர்ட் கேனிங். கீழே ரெசிடெண்ட் ஃபார்குவார் வேறு மாதிரி ஆள். ரோச்சோர் ஆற்றில் அவருடைய நாயை முதலை விழுங்கிவிட, முதலையைக் கொன்று ஆலமரத்தில் தொங்கவிட்டார் என்று மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதிவைத்திருக்கிறார். நாகூர்த் தமிழ் ரத்தம் கலந்த முன்ஷி, இதையெல்லாம் விடுவாரா? தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயில் எட்டிப் பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டாம்.

1823 ஜூனில் சிங்கப்பூருக்கு விடை கொடுத்துவிட்டுப் பென்கூலனுக்குத் திரும்பினார்கள். செப்டம்பரில் பிறந்த பெண் குழந்தையும் நவம்பரில் போய்விட்டது. 1824 பிப்ரவரி 2இல் ‘ஃபேம்’ கப்பலில் தாய்நாடு புறப்பட்டார்கள். அன்று மாலையே ஒரு புண்ணியவான் திறந்த விளக்கோடு பிராந்திப் பீப்பாய்ப் பக்கம் போனான். கப்பல் எரிந்தது. மலாய்ச் சுவடிகள், ஓவியங்கள், உயிரோடு ஏற்றிய விலங்குகள், எல்லாம் சாம்பல். கணவனும் மனைவியும் சோறு தண்ணீரில்லாத படகில் ஐம்பது மைல் தள்ளியிருந்த கரைக்குத் திரும்பினார்கள். மறுநாளே துரை உட்கார்ந்து, எரிந்துபோன சுமத்ரா வரைபடத்தைத் திரும்ப வரைய ஆரம்பித்தார். இந்த மனிதரை வைத்துக் குடும்பம் நடத்துவதைவிட அட்டைக்கடி தேவலாம்.

1826 ஜூலை 5ஆம் தேதி, நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், ராஃபிள்ஸ் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 22,000 பவுனுக்கு மேல் பாக்கி கேட்டிருந்தது. பேரம் பேசி 10,000 கட்டி முடித்தவர் சோபியா. 1830இல் கணவரின் வாழ்க்கை வரலாற்றைத் தடித்த புத்தகமாகக் கொண்டுவந்தவரும் அவர்தான். அதில் மூத்தாள் ஒலிவியாவுக்குக் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்பு. அந்தப் புத்தகம் இல்லையென்றால் ஆற்றங்கரைச் சிலைக்கு இத்தனை மவுசு வந்திருக்காது.

இந்த ஊரில் மவுண்ட் சோபியா என்று ஒரு மேடு உண்டு. அது இந்த அம்மா பெயரா, ராஃபிள்ஸின் தங்கை மகள் பெயரா என்று இன்னும் வழக்கு நடக்கிறது. என் தீர்ப்பு அம்மாவுக்கே. தேக்காவில் சாப்பிட்டுவிட்டுச் சிலிகி சாலையோடு நடந்தால் சோபியா ரோடு வந்துவிடும். ஜோடியாக ஏறிப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலைக் கணவர் தூக்கட்டும்.