ஷெஃபீல்டு கத்தியும் ஸ்ரீரங்கத்துக் கன்னமும்

வாங்க பேராண்டி! சீமையிலேர்ந்து பழைய சவரக்கத்தி ஒண்ணு தருவிச்சிருக்கீங்களாமே. விலை அரை மாசச் சம்பளமாம். போன்ல சொல்றப்ப உங்க அம்மாவுக்கு அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியல. நான் சிரிச்சுட்டேன். தன் கழுத்துல தானே கத்தி வைக்கறதுக்கு ஒருத்தன் காசு குடுப்பான்னு எங்க காலத்துச் சோசியக்காரன் ஒருத்தன்கூடச் சொன்னதில்ல.

நான் மண்ணச்சநல்லூர்க் கிழவன்தான். இருந்தாலும் பொன்மலை ஒர்க்‌ஷாப்புல டூல் கிரைண்டிங் பார்த்தவன். எஃகு எப்ப நம்ம பேச்சைக் கேக்கும், எப்ப கேக்காதுன்னு கொஞ்சம் தெரியும். நீ யோசனை கேக்கலதான். கேட்டாத்தான் சொல்லணும்னு இருந்தா ஊர்ல ஒரு கிழவனும் வாய் தொறக்க முடியாது.

கத்தியை இப்படிக் குடு. ஜோசப் ராஜர்ஸ், ஷெஃபீல்டு. நட்சத்திரமும் சிலுவையும் போட்ட முத்திரை. நல்ல குலம். இங்கிலாந்துன்னு நாட்டுப் பேரும் பொறிச்சிருக்கு, அப்ப இது அநேகமா 1891க்குப் பிந்தினது. உள்ள வர்ற சரக்குல எந்த நாட்டுதுன்னு எழுதணும்னு அமெரிக்காக்காரன் 1890ல ஒரு சுங்கச் சட்டம் போட்டான், அதுலேர்ந்து வந்த பழக்கம். ஜெர்மனியில சோலிங்கன்னு ஒரு ஊரு. அந்தப் பேரை வேற ஊர்க்காரன் கத்தியில போடக் கூடாதுன்னு 1938ல சட்டமே போட்டுட்டாங்க. கத்திக்குக் குலம் கோத்திரம் பார்க்கறதுல தப்பில்ல.

ஆனா பேரை மட்டும் பார்த்து ஏமாந்துடாதே. கண்ணாடிச் சில்லு மேல படுக்க வை. முதுகும் வாயும் ஒருசேரப் படியணும்; ஆட்டம் குடுத்தா அலகு கோணல். வாய் நடுவுல உள்வாங்கியிருந்தா எவனோ அவசரக்காரன் கல்லுல தேய்ச்சுக் கெடுத்தது. முதுகுல அகலமாத் தேய்மானம் பளபளன்னா ஆயுசு பாதி போயிருச்சு. மேல படிஞ்ச துரு போவும். வாய் ஓரத்துல குழி விழுந்த துரு போவாது. செல்லுலாய்டுப் பிடி மக்க ஆரம்பிச்சா அதுலேர்ந்து வர்ற ஆவியே அலகைத் தின்னுடும். தந்தப் பிடின்னு எவனாவது ஆசை காட்டினா, நம்ம ஸ்ரீரங்கம் கோயில் ஆண்டாள் யானையை நெனைச்சு ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடு. இந்தியாவுல தந்தம் வாங்கறதும் விக்கறதும் குற்றம். கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே மாமியார் வீட்டுக்குப் போவணுமா?

கூர் போச்சேன்னு சைக்கிள்ல வர்ற சாணைக்காரர்கிட்ட நீட்டிடாதே. அவர் அருவாமனைக்கு ராஜா. சக்கரத்துல பொறி பறக்கறப்ப மெல்லிசு அலகு சூடேறிடும். ஓரத்துல நீலம் பாய்ஞ்சுதுன்னா டெம்பர் போச்சு. அப்புறம் உன் சீமைக் கத்தி பென்சில் சீவக்கூட ஒப்பாது. இதுக்குத் தண்ணி விட்டுத் தேய்க்கற தட்டைக் கல்லு வேணும். 1000 நம்பர்ல வாய் கட்டி, 8000 வரைக்கும் ஏறி மெருகு குடுக்கணும். அது எப்பவாவதுதான். தெனம் சவரத்துக்கு முன்னால தோல் வார்ல ஒரு 50 இழுப்பு. முதுகு முன்னால போவணும், வாய் பின்னால வரணும். திருப்பறப்ப முதுகு மேலதான் புரட்டணும். மாத்திப் புரட்டினா வாரும் அறுந்துது, கூரும் போச்சு.

இனிமே மூஞ்சி. குளிச்சுட்டு வா, தாடி ஊறட்டும். சோப்பை நல்லா நுரைச்சுப் பூசு. ஆரம்பத்துல கன்னத்தோட நிறுத்திக்க. மோவாயும் மூக்குக்குக் கீழ இருக்கற பள்ளமும் கை பழகினவனுக்கு. இடது கையால தோலை இழுத்துப் பிடி. கத்தியை 30 டிகிரி சாய்ச்சு, முடி படுத்திருக்கற போக்குலயே சின்னச் சின்னதா இறக்கு. அழுத்தாதே. பக்கவாட்டுல ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு போட்டுடும். சரக் சரக்னு ஒரே சீராச் சத்தம் வரணும். முடியைப் பிடுங்கினா கூர் இல்லைன்னு அர்த்தம். வீராப்புக் காட்டாம வாருக்குத் திரும்பு. கத்தி கைநழுவினா பிடிக்கப் பாயாதே. ரத்தம் வந்தா படிகாரம். முடிஞ்சதும் ஈரம் போகத் துடைச்சுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. பழைய கத்தி எவன் கழுத்தெல்லாம் பார்த்ததோ, மொதல்ல மருந்து போட்டுச் சுத்தம் பண்ணு. சிநேகிதனுக்கு இரவல் குடுக்காதே. ரத்தத்துல ஒட்டற மஞ்சக்காமாலைக்கு நட்பு தெரியாது.

இந்தப் பாடே வேணாம்னுதான் ஜில்லெட்டுங்கற அமெரிக்கர் கழட்டி மாட்டற பிளேடைக் கொண்டாந்தார். 1903ல, மொத வருசம் வித்தது 51 ரேசர். அப்புறம் உலகமே வாங்குச்சு. அவர் குடுத்த விடுதலையை வேணாம்னுட்டு நீ பழைய அடிமைத்தனத்தைக் கூரியர்ல வரவழைக்கிறே. வாழ்க!

ஒண்ணு மட்டும் நெனைச்சாத்தான் எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேங்குது. கல்லு, வாரு, சாய்வுன்னு நீ வீடியோவுல தேடறியே, அத்தனையும் தெரிஞ்ச மனுசர் நம்ம வீட்டுக்கே வந்துக்கிட்டு இருந்தார். வாசல் வழியா இல்ல, கொல்லை வழியா. கக்கத்துல அடைப்பம், அதுக்குள்ள கத்தி, கத்தரி, கல்லு, வாரு, படிகாரம், ஒரு கிண்ணி. சோப்பு ஏது? தண்ணியைத் தொட்டுத் தொட்டு விரலாலயே தாடியை இளக்குவார். உள்ளங்கையில கத்தியை ரெண்டு தடவை இழுத்துக்குவார். உன் கொள்ளுத்தாத்தா குந்தியிருப்பார், எதிர்ல அவரும் குந்துவார். முடிஞ்சா ஒரு கீறல் இருக்காது. கூலி? அறுப்புச் சமயத்துல ஊர் ஊழியத்துக்குப் பங்கா களத்துல அளக்கற சுதந்திர நெல்லு. சவரம் பண்ணிக்கிட்டவர் குளிக்காம வீட்டுக்குள்ள வரக் கூடாது. பண்ணிவிட்டவர் குளிச்சாலும் வரக் கூடாது.

இப்ப அந்தக் கத்தி வெல்வெட்டுப் பெட்டியில, முன்வாசல் வழியா வந்து ஹால்ல உக்காந்திருக்கு. கத்திக்குப் பார்க்க வேண்டிய குலத்தை, கத்தி பிடிச்ச கைக்குப் பார்த்த சாமர்த்தியசாலிங்க நாம. இன்னிக்கும் ஒருத்தனைத் திட்டணும்னா ‘போய்ச் சிரைடா’ங்கறோம். முதல்ல உன் கன்னத்துல ஒரு சாண் சிரைச்சுப் பாரு, அப்புறம் திட்டு.

சந்தேகம்னா சமயபுரம் கோயிலுக்கு ஒரு நடை போ. முடிகாணிக்கை இடத்துல கைக்குழந்தை ஊரைக் கூட்டி அலறும், தலையை உதறும். மொட்டை போடறவர் இடது கை மோவாயைத் தாங்கியிருக்கும். வலது கை உச்சியிலேர்ந்து பிடரிக்கு இறங்கிக்கிட்டே இருக்கும். கத்தியில இருக்கறது பாதி பிளேடு. காகிதத்தோட டிக்குன்னு ஒடிச்சு மாட்டினது. எய்ட்ஸ் பயம் ஊரைச் சுத்தினதுக்கு அப்புறம் சலூன்லயும் இதுதான்; தீட்டற கத்தி பரண் ஏறிடுச்சு. 2021 செப்டம்பர்லேர்ந்து அறநிலையத் துறைக் கோயில்கள்ல முடிகாணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. அந்த வேலை பார்க்கறவங்களுக்கு மாசம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகைன்னு அரசாங்கம் அறிவிச்சுது. உன் பெட்டிக் கத்தியோட விலையைப் பக்கத்துல வெச்சுப் பார்த்துக்க.

அதனால கிழவன் தீர்ப்பு இதுதான். சீமைத் துரை கொஞ்ச நாள் பெட்டியிலயே தூங்கட்டும். சலூன்ல வெச்சிருக்கற மாதிரி பாதி பிளேடு மாட்டற கத்தி ஒண்ணு வாங்கு. கொஞ்சக் காசுதான், தீட்டற தொல்லையும் இல்ல. சாய்வும் இழுப்பும் அதுல கைக்கு வரட்டும். ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபம் பக்கமா நரைச்ச தலையா ஒரு சலூன்காரரைப் பாரு. ‘ஏம்ப்பா’ன்னு கூப்பிடாதே, ‘அண்ணே’ன்னு கூப்பிடு. நாற்காலியில உக்காந்து சவரம் பண்ணிக்க. கண்ணை மூடாம கண்ணாடியில அவர் கையையே பாரு. கத்துக்குடுங்கன்னு கேளு. அவர் கேக்கற காசைப் பேரம் பேசாம குடு. செவ்வாய்க்கிழமை மட்டும் போவாதே, கடை லீவு.