பார்க்கரும் கறிவேப்பிலைச் சாடியும்

வெள்ளவத்தையார்: பார்க்கர் எண்டால் சும்மா துவக்கே தம்பி? அமெரிக்காவில கனெக்டிகட் மாநிலம், மெரிடன் ஊர்ப் பட்டறை. 1860களில தொடங்கினவங்கள். 1934இல ரெமிங்டன்காரன் வாங்கிப்போட்டான். ‘இன்வின்சிபிள்’ ரகத்தில செய்ததே மொத்தம் மூண்டு!

கொட்டாஞ்சேனையார்: மூணும் உங்ககிட்டயா ஐயா?

வெ: என்னட்டக் கண்ணாடி அலுமாரி இருக்கு.

கொ: துவக்கு?

வெ: ‘இன்வின்சிபிள்’ கிடையாது, சாதாரண பார்க்கர் ஒண்டு வரும். லைசன்ஸ்தான் இழுபடுது. 1916இல வெள்ளைக்காரன் எழுதின சட்டம், காரணம் கேக்கிறாங்கள். பயிர்ப் பாதுகாப்பு எண்டு எழுதினன்.

கொ: ஏழாம் மாடிலயா?

வெ: பல்கனியில கறிவேப்பிலைச் சாடி கிடக்குத்தானே.

கொ: 2025 மார்ச் 15 காலைல எட்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் நாடு முழுக்கக் குரங்கு எண்ணச் சொன்னாங்களே, உங்க பல்கனில எத்தன எண்ணினீங்க?

வெ: அண்டைக்கு நான் நித்திரை. பகிடிய விடும், விசயத்தைக் கேளும். குழல் டமஸ்கஸ். இரும்பையும் உருக்கையும் முறுக்கிக் காய்ச்சி அடிச்சது. மேலால அலை அலையாய்க் கோடு ஓடும். தடவிக்கொண்டே இருக்கலாம்.

கொ: அதுல இப்பத்தத் தோட்டாவப் போட்டா?

வெ: கூடாது, கூடாது. அது கரிமருந்துக் காலத்துக் குழல். இப்பத்தை மருந்தின்ர அழுத்தம் தாங்காது. பிளந்தாலும் பிளக்கும்.

கொ: அப்ப நீங்க சுட்டீங்கன்னா குரங்கும் தப்பிக்கும், கறிவேப்பிலையும் தப்பிக்கும். நீங்க மட்டுந்தான் தப்ப மாட்டீங்க.

வெ: ஆர் சுடப்போறது? தோளில சாத்திக்கொண்டு நிண்டு ஒரு படம், முகநூலில போட. இப்ப பெரிய மனுசர் எல்லாரும் அப்பிடித்தானே நிக்கினம். பாரம்பரியம் தம்பி! எங்கட அப்புவிட்டயும் யாழ்ப்பாணத்தில ஒரு இரட்டைக்குழல் இருந்தது.

கொ: இப்ப எங்க?

வெ: 80களில இயக்கப் பெடியள் வந்து, “அப்பு, தாங்கோ” எண்டாங்கள். குடுத்திட்டார்.

கொ: அதத்தான் சொல்றேன். 71 ஏப்ரல் கிளர்ச்சில தெற்குப் பொடியன்க வீடு வீடாப் போய் சொட்கன் பறிச்சாங்க. அப்புறம் வடக்குல உங்க அப்புகிட்ட. 87க்குப் பிறகு மறுபடியும் தெற்குல. இந்த நாட்டுல வீட்டுல துவக்கு வச்சிருந்தவன், பறிக்க வர்றவனுக்காக எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருந்தான். அவ்வளவுதான் உங்க பாரம்பரியம்!

வெ: சத்தம் போடாதையும், கீழ்வீட்டுக்குக் கேக்கும்.

கொ: கேக்கட்டும்! துவக்க விடுங்க, 90க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு டோர்ச் பட்டரி கொண்டு போகக்கூடத் தடை இருந்துச்சு. மறந்துட்டீங்களா? 2007 ஜூன்ல எங்க பக்கத்து லொட்ஜ்கள்ல படுத்திருந்த சனத்த விடியக்காலைல எழுப்பி பஸ்ல ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பினாங்க. உங்க வெள்ளவத்தை லொட்ஜ்கள்லயும்தான். வைத்தியத்துக்கு வந்தவங்க, வெளிநாடு போக நின்னவங்க. அவங்க பையில துவக்கா இருந்துச்சு? ஐடென்டிட்டி கார்ட் இருந்துச்சு. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?

வெ: கனடாவில. மகளிட்ட.

கொ: அங்கயும் கறிவேப்பிலைச் சாடி இருந்துச்சா?

வெ: குளிருக்கு வராது தம்பி.

கொ: அதான் பாதுகாக்க இங்க வந்துட்டீங்க.

வெ: சரி, எழுதின விண்ணப்பத்தை என்ன செய்ய?

கொ: வாபஸ் எடுங்க. கிளிநொச்சில ராத்திரி ராத்திரியா காட்டுப்பன்னி வயலக் கிண்டுது. பயிர்ப் பாதுகாப்புங்கிறது அந்தக் கமக்காரன் எழுத வேண்டிய காரணம். அத அவனுக்கு விட்டுக் குடுங்க. உங்களுக்குப் படந்தான வேணும்? ஸ்டூடியோவுல மரத்துவக்கு வச்சிருப்பான். அதுக்கு லைசன்ஸ் கேக்க மாட்டாங்க.