பதினஞ்சு நாளைக்குள்ள நோவு வந்துச்சா?

சுகாதார ஆராய்ச்சி படிச்சிட்டு, கையில டேப்லெட்டைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராக் கேள்வி கேக்கக் கெளம்பிட்டியாம்ல ஆத்தா. சந்தோசம். ஆலங்குடிப் பக்கம் உனக்கு ஒதுக்கியிருக்காகன்னு உங்கப்பன் சொன்னான். நம்ம சனம் உன்னைய எங்கெங்க ஏமாத்தும்னு இப்பவே சொல்லிப்புடுறேன். உங்க புரொபசரு இதச் சொல்லித் தரமாட்டாரு. பாவம், படிச்ச மனுசன்.

முதக் கேள்வியே உனக்கு வம்பு: "கடந்த 15 நாளில் உடல்நலக் குறைவு ஏற்பட்டதா?" சர்க்கார் நடத்துற மாதிரி ஆய்வுலயும் இப்பிடித்தான். சில்லறை நோவுக்கு 15 நாளு, ஆஸ்பத்திரியில படுத்ததுக்கு 365 நாளு. தலைவலி சீக்கிரம் மறந்துபோகும், ஆபரேசன் மறக்காதுங்கிற கணக்கு. நியாயந்தான். ஆனா வம்பன்ல உளுந்தாயுற பொம்பளைக்குப் பதினஞ்சு நாளுன்னா எந்த நாளு? திருவப்பூர் மாரியம்மன் தேருக்கு முந்தியா பிந்தியான்னு கேளு, வெரலை மடக்கிச் சொல்லிப்புடுவா. திருவிழா இல்லாத மாசமா, நூறு நாள் வேலைக் கூலி ஏறுன தேதிய வச்சுக் கேளு. கூலி வர்றதே அபூர்வம், அது ஒருத்திக்கும் மறக்காது.

அப்பவும் "ஒண்ணுமில்லையே"ம்பா. முட்டி ரெண்டும் வீங்கியிருக்கும், செவுத்தப் புடிச்சுத்தான் எந்திரிப்பா. எந்திரிச்சு நடந்துட்டால்ல, அப்புறம் என்ன நோவு? அமர்த்தியா சென் 2002-லயே எழுதியிருக்காருன்னு நீதான அன்னைக்கு வாசிச்சுக் காட்டுன? கேரளாவுல ஆயுசு கெட்டி, ஆனா நோவு நோவுங்கிறவுகளும் அங்கதான் அதிகம். பீகார்ல ஆயுசு கம்மி, நோவுன்னு சொல்றவுகளும் கம்மி. டாக்டரையும் பள்ளிக்கூடத்தையும் பாத்தவனுக்குத்தான் தனக்கு என்ன நோவுன்னே தெரியுதாம். அதனால, நோவே இல்லாத ஊருன்னு ஒரு ஊரு உன் கணக்குல வந்துச்சுன்னா, சந்தோசப்பட்டுக் கைதட்டிப்புடாத. அங்க பஸ்ஸு போகுதான்னு மொதல்ல விசாரி.

அடுத்து மாத்திரை. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாக. இப்ப பிரசருக்கும் சர்க்கரைக்கும் வாசல்லயே மாத்திரை வந்துருது. நல்ல காரியம், நானே வாங்கித் திங்கிறேன். நீ வந்து, குடுத்தது எத்தன, மிச்சம் எத்தனன்னு எண்ணி, ஒழுங்கா முழுங்குனாகளான்னு பாப்பியாம். எங்கிட்ட ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. வெள்ளை மாத்திரை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், நடுவுல உங்க அப்பத்தாவோட சுருக்குப்பை. நீ வர்றேன்னு தெரிஞ்சா முத நாள் ராத்திரியே மிச்சத்தக் கெணத்துல போட்டுருவேன். மறுநாள் உன் கட்டத்துல எனக்கு நூத்துக்கு நூறு. கெணத்துக்கும் பிரசர் கொறஞ்சிருக்கும். சொல்லாமப் போய் நில்லு ஆத்தா. "விட்டுட்டீகளா"ன்னு அதட்டாத. "எந்த வேளை மாத்திரை மறந்துபோகுது"ன்னு கேளு, டப்பா தானா வெளிய வரும்.

புள்ளத்தாச்சிக கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு ஊர் நர்சு நோட்டுல ஒரு புள்ள ஆறு மாசம் ஒழுங்கா வந்து ஊசி போட்டிருக்கும், அப்புறம் ஆளைக் காணோம். தொடர்பு அறுந்தவன்னு எழுதிருவீக. அது எங்கயும் போகல, வளைகாப்பு முடிஞ்சு ஆத்தா வீட்டுல உக்காந்து அதிரசம் திங்கிது. ஆத்தா வீட்டு ஊர்லயோ பதிஞ்ச ஆளை விடப் பொறந்த புள்ளைக கூடி, கவரேஜு நூத்தைத் தாண்டி நிக்கும். அதைச் சாதனைன்னு ஒருத்தரு படம் புடிச்சுப் போடுவாரு. வகுத்தல்ல கீழ இருக்க எண்ண யாரு வச்சதுன்னு பாக்காம மேல உள்ளத நம்பாத. நம்ம புதுக்கோட்டையில 1886-ல பொறந்த முத்துலெட்சுமி ரெட்டி பேர்லதான் பிரசவ உதவிப்பணம் குடுக்குறாக. அந்தம்மா இருந்திருந்தா இந்த நோட்டைப் பாத்துட்டு ரெண்டு பேரைக் கூப்புட்டு விசாரிச்சிருப்பாக.

செலவுக் கேள்விக்கு வருவோம், அங்கதான் நீ ரொம்ப ஏமாறுவ. "மருத்துவச் செலவு எவ்வளவு?" "சர்க்கார் ஆஸ்பத்திரி, ஓசி." எழுதிக்கிருவ, சைபர். கூடப் போனவன் ஒரு வாரம் கடலை புடுங்கப் போகல. வாசல்ல டீ, பன்னு, ரெண்டு வேளை சோறு. பஸ் இல்லாத நேரத்துக்கு ஆட்டோ. இந்தியாவுல மொத்த மருத்துவச் செலவுல சனங்க சொந்தக் கைக்காசு 2013-14-ல நூத்துக்கு 64.2 பங்கா இருந்தது 2021-22-ல 39.4-ஆக் கொறஞ்சிருச்சுன்னு சர்க்கார் கணக்கு சொல்லுது. சரிதான், ஆனா கடலை புடுங்காத நாளு அதுல வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில அஞ்சு லட்சம் இருக்கு, பெரும்பாலும் படுத்தவனுக்குத்தான். நடமாடுறவன் மாத்திரைய வெளிய வாங்குனா அவன் பாடு.

அதனால செலவக் கேக்காத. "அந்த வருசம் ஆடு எதுவும் வித்தீகளா? தோடு பேங்குக்குப் போச்சா?"ன்னு கேளு. வீட்டுச் செலவுல பத்துல ஒரு பங்குக்கு மேல வைத்தியத்துக்குப் போனா அதுக்குப் பேரழிவுச் செலவுன்னு பேராம்ல. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப வடகாடு, கீரமங்கலம் பக்கம் சாஞ்ச தென்னைய எண்ண அதிகாரி வந்தாக. சிறுநீரகக் கல்லுக்குத் தோப்ப அடகு வச்சவன் வீட்டுக்கு யாரு வந்தா? இப்ப நீ போற, டேப்லெட்ட வச்சுக்கிட்டு.

பேரு வைக்கிறதுல உங்காளுக கெட்டிக்காரவுக. காசநோய் மருந்த நடுவுல விட்டவன அம்புட்டு நாளா 'டிஃபால்டர்'னாக, கூட்டுறவு பேங்குல கடன் கட்டாதவனச் சொல்ற மாதிரி. 2013-லதான் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பேர எடுத்துச்சு. 'சஸ்பெக்ட்'டையும் அப்பத்தான் எடுத்தாக. அதுவரைக்கும் இருமுனவன் எல்லாம் போலீஸ் ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்த மாதிரிதான்.

கையெழுத்து வாங்குறப்ப ஒண்ணு. காகிதத்தப் பாத்தாலே நம்ம கெழடுகளுக்கு நெலப் பத்திர பயம். முழுசா வாசிச்சுக் காட்டு. மகன் வந்து கேட்டாச் சொல்ல ஒரு நகலும் குடு.

கடைசியா, "வேற ஏதாவது சொல்லணுமா"ன்னு ஒரு கேள்வி இருக்கும். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. டேப்லெட்ட மூடு, தண்ணி வாங்கிக் குடி, செருப்ப மாட்டு. படியில எறங்குறப்ப பின்னாடி இருந்து, "தாயி, ராத்திரியில இந்த இடது பக்கம் ஒரு மாதிரி அடைக்கிது, அது வாயுவாத்தான இருக்கும்?"னு கேப்பா. செருப்பக் கழட்டிட்டுத் திரும்ப உள்ள போ. அன்னைக்கு அஞ்சு வீடு பாக்கணும்னு உங்க சாரு சொல்லியிருப்பாரு, நாலு வீடுதான் ஆச்சுன்னு சொல்லு. திட்டுனா, ஐயா சொன்னாகன்னு என் பேரப் போடு. எனக்கு ஏற்கனவே பிரசர், புதுசா ஒண்ணும் ஏறாது.