பிரியாணிப் பொட்டலத்தருகே நாய் கெஞ்சுதல்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

உண்பவரின் முழங்காலில் முகவாயை வைத்து, இமைக்காமல் அவர் வாயையே நோக்கும் வளர்ப்பு நாயின் செயலை இக்கட்டுரை 'கெஞ்சுதல்' என வரையறுக்கிறது. செருப்பு கடித்தல், விருந்தாளி மேல் தாவுதல் ஆகியவற்றுக்குத் தனித் தொகுதிகள் தேவை. ஆய்வாளருக்கு ஆயுள் போதாது.

உடலியலாளர் பாவ்லோவ் பீட்டர்ஸ்பர்க்கில் மெட்ரோனோமைத் தட்டவிட்டு நாய்க்கு எச்சில் ஊறவைத்தார். ஆனால் 1904-இல் அவருக்கு நோபல் கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கு. திண்டுக்கல்லில் பிறந்திருந்தால் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் முடித்திருப்பார். இங்கே வாழையிலை பிரியும் சரசரப்பே போதும். சீரகச் சம்பாவும் மிளகும் மணக்கும் முன்பே, பேகம்பூர், நாகல் நகர் பேதமின்றி நாய் எழுந்து உட்காரும். கன்னி, சிப்பிப்பாறை, பெயரற்ற தெருவினம் என்ற வேறுபாடும் இதில் இல்லை.

முன்னோர் கையாண்ட சிகிச்சைகள் இரண்டு. "அங்கிட்டுப் போடா" என்பது ஒன்று. தன்னிடம் பேசுகிறார்கள் என்று நாய் வாலாட்டும். செய்தித்தாளைச் சுருட்டி ஓங்குவது மற்றொன்று. பொட்டலம் சுற்றிவந்த அதே தாளாதலால் மணம்தான் கூடும். அடித்தால்? கெஞ்சலை விடாது, கையைக் கண்டு அஞ்சும். அஞ்சிய நாய் ஒருநாள் கடிக்கும்.

பலிக்கும் முறை சலிப்பூட்டுமளவு எளியது. முதலில் நாயின் வயிற்றை நிரப்புக. பிறகு அதன் சாக்கைக் காட்டி, அதில் படுத்திருக்கும்போது மட்டும் அதன் தீனியிலிருந்தே ஒரு வாய் தருக. கெஞ்சும்போது பார்க்கவும் வேண்டா, பேசவும் வேண்டா. தொடக்கத்தில் கெஞ்சல் இன்னும் கூடும்: அடிபம்பில் தண்ணீர் வராவிட்டால் நாமும் வேகமாகத்தானே அடிக்கிறோம்! பொறுத்தால் ஓயும். எச்சில் இலைக் கூடைக்கும் ஒரு மூடி வேண்டும்; 2019-இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனையும் முறியுமிடம் அப்பத்தா. எப்போதாவது, எதிர்பாராமல் கிடைக்கும் பரிசு ஊட்டிய பழக்கமே எளிதில் ஒழியாதது என்று உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டினார். அப்பத்தா அவரைப் படித்ததில்லை. "பாவம், வாயில்லா ஜீவன்" என்று நாலு நாளைக்கு ஒருமுறை, யாரும் பாராத நேரத்தில் ஒரு துண்டை நழுவவிட்டு அதே தேற்றத்தை நிறுவிவிடுகிறார். கறியைப் பொடித்துண்டாக நறுக்குவது திண்டுக்கல் பிரியாணியின் மரபு. கடத்தலுக்கு இதைவிட வசதி வேறில்லை. அடித்து விரட்டும் தாத்தாவைவிட ஆய்வுக்குப் பெரிய இடையூறு அப்பத்தாவின் இரக்கமே என்பது எமது முடிபு.

ஆகவே அப்பத்தாமார் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மசாலாவில் கரைந்திருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வாயில்லா ஜீவன்மேல் மெய்யாகவே இரக்கம் இருந்தால், கைக்குள் ஒளித்திருக்கும் அந்தத் துண்டைத் தயவுசெய்து நீங்களே தின்றுவிடுங்கள்.