ஸ்கேனர் மாமா

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் கார்க்காரருக்கு வயிற்றைக் கலக்கும். அடுக்ககத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் அப்போது முகம் மலரும். அவர்தான் ஸ்கேனர் மாமா. மடிப்பாக்கம், நங்கநல்லூர், முகப்பேர் என்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒருவர் தேறுவார். வங்கியிலோ வருவாய்த் துறையிலோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். அலுவலகத்தில் ஸ்டேப்ளரைத் தவிர வேறு எந்த இயந்திரத்தையும் திறந்து பார்த்திருக்க மாட்டார். அந்த ஆசையை இப்போது நம் வண்டியில் தீர்த்துக்கொள்கிறார்.

மாமாவுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. அப்போது வீட்டில் பிரீமியர் பத்மினி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்ப்பார். ப்ளக்கின் கரியைச் சுரண்டுவார். மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் தள்ளுவதற்குப் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருந்தார்கள். பிறகு எம்.பி.எஃப்.ஐ. என்னும் மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை வந்தது. பாயிண்ட் போச்சு, கார்புரேட்டர் போச்சு, மாமாவின் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. பானெட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிந்தது. பல வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பாவம்.

அமெரிக்காவில் 1996 முதல் கார்களில் ஓபிடி-2, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஏற்பாடு, கட்டாயம். நம் ஊரில் 2010-இல் பி.எஸ்.4 மாசு விதிகளோடு ஓபிடி எட்டிப் பார்த்தது; 2013-இல் அதன் இரண்டாம் நிலையும் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட். புகையைக் கட்டுப்படுத்த அரசாங்கம் போட்ட ஏற்பாட்டை, மாமா தனக்காகவே போட்டதாக எடுத்துக்கொண்டார். அந்த சாக்கெட்டில் செருகும் தீப்பெட்டி அளவு ப்ளூடூத் டாங்கிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. இழந்த ராஜ்யம் திரும்பியது.

வேட்டியை மடித்துக் கட்டி, தலை டாஷ்போர்டுக்கு அடியிலும் கால் கார்க் கதவுக்கு வெளியிலுமாக அவர் சாக்கெட் தேடுவதைப் பார்க்க வேண்டும். டார்ச் பிடிக்க வாட்ச்மேன். மொபைலைப் பிடிக்க வண்டிக்காரர்.

"மாமா, சிக்னல்ல நின்னா வண்டி கிடுகிடுன்னு ஆடுது. மிஸ்ஸிங் மாதிரி இருக்கு."

"மாதிரி என்னப்பா மாதிரி? பி0302. ரெண்டாவது சிலிண்டர். எழுதிக்கோ."

இந்த இடத்தில் மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்து அவர் செய்வது சரியான வைத்தியம். இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுவார், மூன்றாவதை இரண்டில் போடுவார். அந்தக் கோளாறு எண்ணை (கோட்) அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்; கோளாறு பி0303-ஆக இடம் மாறியிருந்தால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையா? ப்ளக்கை மாற்றிப் பார். அதற்கும் மசியவில்லை என்றால் இஞ்செக்டர், கம்ப்ரெஷன் என்று போக வேண்டும். காசு செலவில்லாத சோதனை. ஒரே ஆபத்து, வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த கப்ளர் லாக். மாமா நெம்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வண்டிக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். "ஒண்ணுமில்லப்பா, டேக் போட்டுக் கட்டிடலாம்" என்பார். அதற்கென்றே சட்டைப் பையில் டேக் வைத்திருப்பார்.

சென்சார் விஷயத்தில்தான் மாமாவுக்குச் சனி பிடிக்கும். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் 'சர்க்யூட்'டில் கோளாறு என்று பொருள். சர்க்யூட் என்றால் சென்சார், வயர், கப்ளர் எல்லாமும்தான். மாமா கண்ணில் சென்சார் மட்டும் படும். புதிது வாங்கி மாட்டுவார்கள். கோட் திரும்ப வரும். "அப்ப கேம் சென்சாரா இருக்கும்" என்பார். அதையும் மாற்றுவார்கள். கடைசியில் தெருமுனை மெக்கானிக் வயரைத் தடவிக்கொண்டே போய், எலி கடித்த இடத்தில் விரலை வைப்பார். பி0171 வந்தாலும் இதே கதை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று ஆக்சிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்துக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். மாமா ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார். தூது வந்தவனைக் கொல்லக் கூடாது என்று விபீஷணன் ராவணனிடமே சொல்லிவிட்டான், மாமாவிடம் சொல்ல ஆளில்லை.

மெக்கானிக் ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கிறார். "எப்ப நிக்குது? சூட்லயா, காலையிலயா? கொஞ்ச நேரம் ஆற விட்டா ஸ்டார்ட் ஆகுதா?" சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்புகிற வண்டி என்றால் கிராங்க் சென்சார் மேல் பாதி சந்தேகம் அங்கேயே விழுந்துவிடும். மாமாவுக்குக் கேள்வி கேட்கப் பிடிக்காது. வண்டியே பேசும்போது வண்டிக்காரன் எதற்கு என்பது அவர் கட்சி.

அவருடைய சொந்த வண்டியில் கோளாறே கிடையாது. ஓட்டினால்தானே வரும்? மாலை நேரத்தில் ஐடிலிங்கில் போட்டு, ஆக்சிஜன் சென்சாரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்குவதைப் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருப்பார். மாமி மாடியிலிருந்து, "பெட்ரோல் என்ன விலை தெரியுமோன்னோ?" என்று குரல் கொடுத்த பிறகே அணைப்பார். ஒரு திங்கட்கிழமை காலை அந்த வண்டி கிளம்பவில்லை. டாங்கிளில் விளக்கு எரியவில்லை, ஆப் இணையவில்லை, எனவே கோட் எதுவும் இல்லை. கோட் இல்லாத கோளாற்றை மாமா இதற்கு முன் பார்த்ததில்லை. பாதி அடுக்ககம் கூடிய பிறகு தெரிந்தது: சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டுக்கு மின்சாரம் வரும், கழற்றாமல் விட்ட டாங்கிள் நாள்கணக்கில் பேட்டரியை உறிஞ்சிக் காலி செய்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். "கிளோன் சிப்புப்பா, ஒரிஜினல்னா இப்படி ஆகாது" என்றார் மாமா.

உங்கள் வண்டியில் அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் தாராளமாக மாமாவைக் கூப்பிடுங்கள். காசு வாங்க மாட்டார். ஒரு காப்பி, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். விளக்கு மினுக்கினால் மட்டும் மாமாவுக்காகக் காத்திருக்காதீர்கள். மிஸ்ஸிங் கடுமையாகி, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். இன்னொன்று: கோட் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் விழுந்தது என்று வண்டி குறித்து வைத்திருக்கும் கணக்கும் 'கிளியர்' பட்டனோடு சேர்ந்து அழிந்துபோகும். ஆகவே மாமாவின் கட்டைவிரல் அந்தப் பட்டன் பக்கம் போகும் முன், மொபைலை வாங்கித் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.