ஏர் எடுப்பவர்

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள மோட்டார் சைக்கிளை வாங்கி, அதற்குத் தானே மெக்கானிக்காகவும் இருக்க முடிவெடுத்தவர் ஏர் எடுப்பவர். சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், தரைத்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில், ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை இவரைக் காணலாம். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். வார நாட்களில் கணினி முன் உட்காரும் உத்தியோகம். வண்டி பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சுசுகி ஹயபுசா. அதன் 1340 சிசி எஞ்சினை நகரத்துச் சாலைகள் முழுதாகப் பயன்படுத்த விடுவதில்லை என்பதால், உரிமையாளரின் ஆற்றல் வேறு வழி தேடுகிறது.

ஸ்பிளெண்டர் ஓட்டுபவர்களிடையே இவ்வினம் தோன்றுவதில்லை. அதில் லிவரையும் கிளட்சையும் இணைப்பது ஓர் ஒயர். அறுந்தால் அறுந்ததுதான், தெருமுனைக் கடையில் மாற்றிக்கொண்டு போய்விடலாம். விவாதத்துக்கு இடமில்லை. ஹைட்ராலிக் கிளட்சில் ஒயரின் வேலையை எண்ணெய் செய்கிறது. லிவரைப் பிடித்தால் ஹேண்டில் பாரில் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியே எஞ்சினின் இடப்புறம் உள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், அங்கிருக்கும் பிஸ்டனையும் ஒரு கம்பியையும் நகர்த்தி, கிளட்ச் தட்டுகளைப் பிரிக்கும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். எனவே குழாயில் குமிழ் புகுந்தால் லிவர் நகரும் தூரத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுகிறது. லிவர் தொளதொளக்கும். நியூட்ரல் விழ மறுக்கும். சிக்னலில் லிவரை முழுதாகப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னே நகரப் பார்க்கும்.

இவையெல்லாம் ஏர் எடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது இஸ்திரிக்காரர், வாட்ச்மேன், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆகியோருக்கும் தெரியும். அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் பாஸ்கல் கண்டறிந்த விதியை, லிஃப்டுக்குக் காத்திருந்த பாவத்துக்காகவே கேட்டவர்கள் அவர்கள்.

அந்தக் குமிழை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. அதன் முதல் கட்டம் கொள்முதல். இதற்காக இவர் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டாட் 4 எண்ணெயின் சீலை மும்முறை சோதிப்பார். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரையும், ஈரம் ஏறியது 155 வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். திறந்த புட்டியை வெகுநாள் வைத்திருக்கக் கூடாது. சென்னையின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே இவர் ஒவ்வொரு முறையும் புதுப் புட்டி வாங்குவார். பழையதை ஊற்றவும் மனம் வராது, கொட்டவும் மனம் வராது. முக்கால் புட்டிகள் வீட்டுப் பரணில் வரிசையாகச் சேர்ந்திருக்கும்.

இரண்டாம் கட்டம் ஆயத்தம். டாட் 4 பெயின்டை அரிக்கும் என்பதால் டேங்க் மேல் துணி போர்த்த வேண்டும். இவர் எடுத்துவரும் பழைய சேலை பழையது அல்ல என்பது மாலையில்தான் வெளிப்படும். மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்த எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியில் இரண்டு சிறிய ஸ்க்ரூக்கள் உண்டு. பொருந்தாத திருப்புளியால் அவற்றின் தலையை மழுக்குவதில் முதல் ஒரு மணி நேரம் கழியும்.

மூன்றாம் கட்டம் ஆள் பிடிப்பது. மோட்டார் சைக்கிளில் லிவரும், ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளும் ஒருவர் கைக்கே எட்டிவிடும். ஆனால் விளக்கம் கேட்க ஒருவர் வேண்டும் என்பதால் இவர் தனியாகத் தொடங்குவதில்லை. மகனுக்கு அந்த நேரம் பார்த்து டியூஷன் இருக்கும். ஊரிலிருந்து வந்த மச்சான் ஒரு விளக்கத்துக்குப் பிறகு போன் பேச வெளியே போய்விடுவார். கடைசியில் லிவர் வந்து சேர்வது மனைவியின் கையில்.

வேலை எளிது. நிப்பிளில் ஒரு தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது எண்ணெய் உள்ள பாட்டிலில் அமிழ்த்த வேண்டும். லிவரைச் சில முறை அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் எண்ணெயோடு குமிழும் வெளியேறும். லிவர் ஹேண்டில் வரை தணியும். நிப்பிளை மூடிய பிறகே லிவரை விட வேண்டும். முறை மாறினால் போன காற்று வந்த வழியே திரும்பும். முறை மாறுவது எப்போதும் இப்படித்தான்:

“விட்றட்டுமா?”

“ம், விடு. இரு, இரு! இன்னும் மூடலை!”

“நீங்கதானே விடச் சொன்னீங்க?”

இதையும் தாண்டினால் அடுத்த கண்டம் மேலே காத்திருக்கும். கீழே குழாயில் குமிழ் குறைவதை இவர் ரசித்துக்கொண்டிருக்கையில் மேலே கிண்ணம் வற்றிவிடும். உடனே புதுக் காற்று உள்ளே போகும். “மேல காலியாயிடுச்சுங்க” என்று மனைவி சொல்வது காதில் விழாது. அப்போது அவர் பாஸ்கலில் இருப்பார்.

நான்காம் கட்டம் கோட்பாடுகள். காற்று மேலே ஏறும் இயல்புடையது என்பதால் சிரிஞ்சால் கீழிருந்து எண்ணெயை ஏற்றும் முறை ஒன்று உண்டு. லிவரைக் கேபிள் டையால் ஹேண்டிலோடு இறுக்கிக் கட்டி இரவு முழுதும் விடும் முறை இன்னொன்று. இரண்டும் பலன் தரக்கூடியவை. இவர் இரண்டையும் ஒரே நாளில் செய்வதால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். போகிற போக்கில் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பியும் வைப்பார். பிரேக்கில் பேட் தேயத் தேய எண்ணெய் மட்டம் இறங்கும். கிளட்சில் தட்டு தேயத் தேய மட்டம் ஏறும். அதற்காகவே கிண்ணத்தில் இடம் விடுகிறார்கள். இவருக்குத் தெரியாத ஒரே செய்தி அநேகமாக இதுதான்.

ஐந்தாம் கட்டத்தில் மெக்கானிக் வருவார். மெக்கானிக்குக்குப் பாஸ்கல் அறிமுகமில்லை. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்வார். மாஸ்டர் சிலிண்டர் மேடாக நிற்கும்படி ஹேண்டிலைத் திருப்புவார். லிவரை முழுதாக இழுக்காமல் விரல் நுனியால் சிறிது சிறிதாகத் தட்டுவார். கிண்ணத்தில் குமிழ்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். “ஏர் மேலயேதான் சார் நின்னுது” என்று சொல்லி, அதிகப்படி எண்ணெயை உறிஞ்சி எடுத்து, மூடியை மூடிவிட்டுப் போவார். இழுத்தால் லிவர் கல் மாதிரி நிற்கும். முக்கால்வாசி வேலை முன்பே முடிந்திருந்தது என்பது ஏர் எடுப்பவரின் கணக்கு. அதை மனைவி மறுப்பதில்லை. சேலையைப் பற்றி மட்டும் கேட்பார்.

இந்த எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது பொதுவான பரிந்துரை. இவ்வளவு நீண்ட ஓய்வு இவருக்குத் தாங்காது. எனவே கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் காபிக் கடையில் மற்ற வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போவார். யாருடைய கிளட்ச் லிவரையோ இரண்டு முறை அமுக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, “கொஞ்சம் சாஃப்டா இருக்கே, ஏர் இருக்குமோ?” என்பார். அதுவரை நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்த அந்த வண்டிக்காரர் அடுத்த வாரம் ஜி.பி. ரோட்டில் டாட் 4 விலை விசாரிப்பார். இவ்வினம் பெருகுவது இவ்வழியில்தான்.